மாறன் சொன்னாரு

தேவிப்ரியாவின் படிப்பு நிற்கப் பார்த்தது ஒரே ஒரு எழுத்தால். ‘சொன்னாரு’ என்பதில் கடைசியாக வருகிற ‘ரு’ இருக்கிறதே, அதனால்தான்.

தீபம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட வாரம் அது. அடி அண்ணாமலையில் எங்கள் வீடும் சக்திவேல் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டு நிற்பவை. சக்திவேல் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. முக்கால் ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறான். அவன் பெண்சாதி சரசு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு டீயும் சுக்குக் காபியும் போட்டு விற்பாள். அவர்களுக்கு ஒரே பெண் தேவிப்ரியா. என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். பெண் தட்டில் தோசையை வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி சொன்னாள்:

“நாயித்துக்கெழமைக்குள்ள முடிக்கணும்மா. மாறன் சொன்னாரு.”

சரசுவின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது.

“யாரு சொன்னாரு?”

“மாறன்.”

“எந்த மாறன்?”

“காலேஜுலம்மா.”

அதற்குள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போதே “சொல்லுங்க மாறன்” என்றாள். சரசு என்னைப் பார்த்தாள். தோசை கருகியது.

கூடப் படிக்கிற பையன் என்றால் ‘மாறன் சொன்னான்’ என்று வர வேண்டும். வாத்தியார் என்றால் ‘சார் சொன்னாரு’ என்று வரும், பேரே வராது. பேரும் சொல்லி ‘ரு’வும் போட்டுப் பேசினால் அதற்கு எங்கள் வீடுகளில் ஒரே அர்த்தம்தான். என் காலத்தில் பேர் சொல்வதே கிடையாது. நாற்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே தடவை, ரேஷன் ஆபீசில். இப்போதைய பெண்கள் நிச்சயம் ஆனதுமே பேரைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். என் தங்கை மகள் வயிற்றுப் பெண் கவிநிலாவுக்கு நிச்சயம் ஆகிக் கல்யாணம் ஆகிற வரைக்கும் மூன்று மாதம், ‘வளவன் வந்தாரு, வளவன் சாப்ட்டாரு’ என்ற பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

“அக்கா, கேட்டீங்க இல்ல?” என்றாள் சரசு.

“கேட்டேன்.”

“ஏதோ இருக்குதுக்கா.”

அன்றிலிருந்து அந்தக் காலேஜைப் பற்றி அதுவரை சும்மா வேடிக்கையாகத் தெரிந்ததெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தக் காலேஜ். மொத்தமே எண்பது பிள்ளைகள். ‘எம்பது பேருக்கு ஒரு காலேஜா? கல்யாண மண்டபத்துல ஒரு பந்திக்கே ஜாஸ்தி பேரு உக்காருவாங்களே’ என்று சேர்த்தபோதே ஊரில் கேட்டார்கள். மணி அடிப்பதில்லை. ஒரே நிறத்துத் துணி கிடையாது. பாதி வகுப்பு வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துதான். குரங்கு வந்து சாப்பாட்டு டப்பாவைத் தூக்கினால் வகுப்பே எழுந்து ஓடும். தேவிப்ரியாவே ஒருநாள் எலுமிச்சை சாதத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பட்டினியோடு வந்தாள். வகுப்பில் பேசினால் மார்க் குறைப்பார்கள் என்றுதான் நமக்குத் தெரியும். அங்கே பேசாவிட்டால் குறைப்பார்களாம்.

“இன்னாதான் படிக்கிறே?” என்று சக்திவேல் ஒருநாள் கேட்டதற்கு, “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்பா. வரலாறு, சமூகம், இலக்கியம். இந்த வருசம் ஃபீல்டு வொர்க் வேற” என்றாள்.

“ஃபீல்டுன்னா வயலு. நம்ம வயல்ல ஒரு நாளு களை எடுக்கச் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்கினு போறே. அங்க போயி வயலு வேலை செய்யறியா?”

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது நாங்களும் சிரித்தோம். இப்போது அதையும் சரசு திருப்பித் திருப்பி நினைத்தாள். ஃபீல்டு வொர்க் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறுகிறாளே, எங்கே போகிறாள்?

அந்தச் சமயம் பார்த்து தேவிப்ரியா என்னிடமே வந்து உட்கார்ந்தாள். கையில் நோட்டு. நம் குடும்பத்து ஆட்களை எல்லாம் எழுத வேண்டுமாம், யாருக்கு யார் பிள்ளை, எங்கே கொடுத்தது, எங்கே எடுத்தது. உறவு சொல்வதென்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து மூன்று நாள் சொன்னேன். கலசப்பாக்கத்தில் கொடுத்த வெள்ளையம்மாளுக்கு ஏழு பிள்ளைகள், அதில் தங்கினது நாலு. போளூரில் எடுத்த எல்லம்மாள் தலைப்பிரசவத்தில் போனது. அவள் கை வலிக்க எழுதினாள்.

“எங்க தாத்தாவுக்கு எத்தினி பிள்ளைங்க பெரிம்மா?”

“ரெண்டு. அப்பாதுரை, உங்கப்பன்.”

“ரெண்டேதானா? பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசமாச்சே.”

“ரெண்டுதான்.”

அவள் நோட்டை மூடினாள். போகும்போது வாசலில் நின்று கேட்டாள். “பெரிம்மா, செங்கத்துல நமக்கு மாமன் முறை ஆவறவங்க யாராவது இருக்காங்களா?”

மாமன் முறை என்றால் கட்டிக்கொள்ளலாம், பங்காளி முறை என்றால் ஆகாது. ஒரு பெண் தானே வந்து இதைக் கேட்கிறாள் என்றால் முறை சரிவருமா என்று பார்க்கிறாள் என்றுதானே அர்த்தம்? ஆக மாறன் செங்கத்துக்காரன்!

“யாரும் இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டு நேராகச் சரசுவிடம் போனேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

சரசு சக்திவேலிடம் சொன்னாள். சக்திவேல் அண்ணனிடம் சொன்னான்.

அப்பாதுரை கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவர். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே ‘அவர் ஊர்ல இல்லியே’ என்று சொல்கிற ஆட்களையே பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் முதலில் வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. பால்காரனையே மூன்று தரம் கேள்வி கேட்டுத்தான் செம்பை நீட்டுவார்.

“நான் மொதல்லியே சொன்னேன். மணி அடிக்காத காலேஜுல எவன் எப்ப வரான் எப்ப போறான்னு யாருக்குத் தெரியும்? டேய் சக்தி, ஆரணியில நம்ம சக்கரவர்த்தி ஒரு வரன் சொல்லிக்கினே இருக்கான். தை பொறந்ததும் முடிச்சிடலாம்.”

“ண்ணா, இன்னும் நாலு மாசம்தான். பரீட்சை எழுதிட்டான்னா டிகிரி வந்துடும்.”

“நாலு மாசத்துல டிகிரியோட மாப்ளையும் வந்துடுவான். மொதல்ல அந்த மாறனைப் பாக்கணும். பொண்ணுக்குத் தெரியக் கூடாது. அண்ணி, நீங்களும் வாங்க. மூஞ்சப் பாத்தா எந்த வகையறான்னு சொல்லிடுவீங்க. அவன் மட்டும் நெஜம்னா, அன்னியோட காலேஜ் முடிஞ்சிது.”

சக்திவேல் தலையை ஆட்டினான். அண்ணன் எதிரில் அவன் தலை அதைத் தவிர வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் ஆட்டோ பிடித்துப் போனோம். காலேஜுக்கு எதிரே ஒரு டீக்கடை. அப்பாதுரை வாசல் தெரிகிற மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். என்னைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார். ஒரு பையனும் ஒரு பெண்ணும் டீ குடிக்க வந்தார்கள். பையன் முடியைக் கொண்டை போட்டிருந்தான்.

“தம்பி, இங்க மாறன்னு யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்காரே. மாறன் இப்பதான் லைப்ரரிக்குப் போனாரு” என்றான் பையன்.

“நீ யாரு?”

“ஆதவன். செகண்ட் இயர்.”

அந்தப் பெண் குறுக்கே வந்தாள். “இல்லடா, மாறன் லைப்ரரியில இல்ல. சாப்ட போயிட்டாரு. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு.”

அப்பாதுரை பேப்பரை இறக்கினார். “உங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவாரா?”

“ஆமாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவாரு. மாறன் ரொம்ப நல்லவரு.”

அவர்கள் போனதும் அப்பாதுரை என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணி, இவன் எத்தினி பேருக்குடா புருசன்?”

‘டா’ போட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். சம்மன் கொடுக்கப் போகிற நடை. நாங்கள் பின்னால் ஓடினோம்.

வேப்பமரத்தடியில் ஒருவர் சம்பா ரவை உப்புமாவை டப்பாவிலிருந்து தின்றுகொண்டு, இன்னொரு கையில் குச்சி வைத்துக் குரங்கை விரட்டிக்கொண்டிருந்தார். அறுபதுக்கு ஒன்றிரண்டு குறையும். முன்தலை வழுக்கை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

“இங்க மாறன் யாருங்க?”

“நான்தாங்க.”

அப்பாதுரை அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வேறு மாறன் ஒளிந்திருப்பான் என்கிற மாதிரி.

“நீங்க... பசங்களுக்கு இன்னா வேணும்?”

“பாடம் எடுக்கறேன். சமூகவியல். இங்க பசங்க எங்களை எல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அது இந்தக் காலேஜ் வழக்கம். நீங்க?”

சக்திவேல், தேவிப்ரியாவின் அப்பா என்று சொன்னான். அந்த மனிதர் டப்பாவை மூடி வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“நிறுத்தப் போறீங்களா?” என்று கேட்டார். “போன வருசம் ரெண்டு பொண்ணுங்க. இந்த மாதிரிதான் மூணு பேரா வந்தாங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பாதுரை மட்டும் அசையவில்லை. வாத்தியார் என்பது சரி, ஆனால் பெண்ணைச் சனிக்கிழமை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். குடும்பத்துக் கதையெல்லாம் எதற்கு எழுதி வாங்குகிறீர்கள், இதை யார் கையில் கொடுப்பீர்கள் என்று கேட்டார். கேள்வி கேள்வியாகப் போனது. பதில் சொல்லிப் பார்த்துவிட்டு, “அவளே காட்டட்டும்” என்று ஆளை அனுப்பிப் பெண்ணைக் கூப்பிட்டார் மாறன்.

தேவிப்ரியா வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“என்னை வேவு பாக்க வந்தீங்களா?” என்று என்னைத்தான் கேட்டாள்.

பெரிய காகிதம் ஒன்றைச் சிமெண்டு மேடையில் விரித்தார்கள். மூன்று நாள் நான் சொன்னது முழுக்க அதில் இருந்தது. ஆண் என்றால் முக்கோணம், பெண் என்றால் வட்டம். கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. செத்தவர்கள் மேல் குறுக்காக ஒரு கோடு. போளூர் எல்லம்மாள் மேல் கோடு. என் வீட்டுக்காரர் மேல் கோடு. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

அப்பாதுரை விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தார். அவர் முக்கோணம். கடைசியில் சக்திவேல் முக்கோணம். நடுவில் ஒரு வட்டம். கீழே ‘சந்திரம்மாள், செங்கம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு முக்கோணம், அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகள். வட்டத்தின் மேல் கோடு இல்லை.

சந்திரா அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள், அப்பாதுரைக்குத் தங்கை, சக்திவேலுக்கு அக்கா. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாள். அந்த வாரமே அப்பாதுரை கிணற்றடியில் வீட்டு ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, அவள் செத்துவிட்டாள் என்று தலை முழுக வைத்தார். நானும் முழுகினேன். அப்புறம் அவள் பேரை யாரும் எடுத்ததில்லை. ரேஷன் கார்டிலிருந்து வாய்ச்சொல் வரைக்கும் எல்லாவற்றிலிருந்தும் அவளை நீக்கியாகிவிட்டது. தேவிப்ரியா அதற்கெல்லாம் அப்புறம் பிறந்தவள்.

“இது யாரு சொன்னது?” அப்பாதுரையின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. “அண்ணியா?”

“பெரிம்மா சொல்லல. ரெண்டு பேருதான்னு சொன்னாங்க” என்றாள் தேவிப்ரியா. “சொல்லும்போது கையில இருந்த வெத்தலைய கீழ வச்சிட்டாங்க. மூணு நாளா வெத்தலைய கீழ வைக்காதவங்க. மறைக்கறாங்கன்னு தெரிஞ்சிது. ஆனா அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். என் கூடப் படிக்கிற சிந்துஜாவுக்குச் செங்கம். அவங்க தெருவுல அடி அண்ணாமலை அத்தைன்னு ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னா. போயிப் பாத்தேன். கதவத் தெறந்ததும் உங்க மூக்கு, பெரியப்பா. அதுக்கு மேல இன்னா கேக்கறது?”

அதற்குத்தான் சனிக்கிழமை பஸ். அத்தை புருஷன் மாமன் முறைதானே. அதற்குத்தான் அந்தக் கேள்வி.

“கோடு போடு” என்றார் அப்பாதுரை.

“எதுக்கு?”

“செத்தவங்களுக்குக் கோடு போட்டிருக்கே இல்ல. இதுக்கும் போடு. போட்டா நீ பரீட்சை எழுதலாம். நான் எதுவும் கேக்க மாட்டேன். போடலன்னா இன்னிக்கே பையை எடுத்துக்கினு கெளம்பு.”

மாறன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெண் கையைக் காட்டினாள், அவர் நிறுத்திக்கொண்டார்.

தேவிப்ரியா அழவில்லை. நாலு மாதம் போனால் டிகிரி. எங்கள் வகையறாவில் பெண்பிள்ளை யாரும் அதுவரை வாங்கினதில்லை. ஒரு விரல் நீளக் கோடு. நானாக இருந்தால் போட்டிருப்பேன். கிணற்றடியில் முழுகினவள்தானே நான்.

“அவங்க இருக்காங்க பெரியப்பா. சுகர் மாத்திரை போட்டுக்கினு, டீவி பாத்துக்கினு உசுரோட இருக்காங்க. நான் எப்பிடிப் போடறது? போடணும்னா நீங்களே போடுங்க.” பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

அவர் வாங்கினார். எத்தனையோ வீட்டுக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்த கை அது. குனிந்து பேனாவை வட்டத்துக்கு நேராகப் பிடித்தார். கோடு மாதிரி இருந்த அவர் வாய் கோணிக்கொண்டது. முழுக்குப் போடும்போது எல்லாரும் சேர்ந்து போட்டோம், தண்ணீர் எல்லார் தலையிலும் விழுந்தது. இது ஒரு கை போட வேண்டிய கோடு. மரத்து மேல் குரங்கு ஒன்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ண்ணா, வாணாம்.”

சக்திவேல்தான். நாற்பத்தெட்டு வயசில் அண்ணனிடம் அவன் சொன்ன முதல் ‘வாணாம்’.

“என்னை இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவ. நீயும் போடாத, எம்பொண்ணையும் போடச் சொல்லாத. அவ படிக்கட்டும்.”

அப்பாதுரை நிமிர்ந்தார். பேனாவை உதறினார்.

“இது எழுதல” என்றார்.

காகிதத்தில் அது படவே இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. பேனாவை மேடையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். ஆட்டோவில் வரும்போது ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்: “அந்தாளு கண்ணாடியக் கயித்துல கட்டியிருக்கான். எனக்கு நம்பிக்கை இல்ல.”

அவள் தொடர்ந்து காலேஜ் போனாள். சரசு மட்டும் ஒரு கண்டிஷன் போட்டாள், வீட்டில் பேசும்போது ‘சார்’ சேர்க்க வேண்டும். ‘மாறன் சார் சொன்னாரு’ என்று பெண் அழுத்திச் சொல்லிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்ப்பாள். ஆரணி வரனுக்கு அப்பாதுரையே போன் போட்டு, பெண்ணுக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் வாரத்துக்கு ஒருநாள் அந்த டீக்கடை பெஞ்சில் பேப்பரோடு உட்காருவதை அவர் விடவில்லை. எண்பது பிள்ளைகளில் யார் யாரோடு எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று மாறனுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

சித்திரையில் கடைசிப் பரீட்சை முடிந்தது. மறுநாள் காலை அப்பாதுரை என் வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு துணிப்பை.

“அண்ணி, அந்தப் பேப்பர்ல ரெண்டு பசங்கன்னு போட்டிருந்தாளே, நெஜமா?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நான் போனேனா?”

“அதான். யாரு பாத்தது? இவ தப்புத் தப்பா எழுதிக் குடுத்திருந்தா நம்ம குடும்பத்துக்குத்தான் அசிங்கம். நேர்ல போயி சரி பாத்துட்டு வந்துடறேன். சக்தியும் பொண்ணும் பஸ் ஸ்டாப்புல நிக்கறாங்க.”

“பொண்ணு எதுக்கு?”

“எழுதினவ அவதானே. தப்பு இருந்தா அங்கியே திருத்தட்டும்.”

பை கனத்துத் தொங்கியது. அடியில் ஈரம் கசிந்து, அவித்த மல்லாட்டையின் வாசனை வந்தது. சந்திரா சின்ன வயசில் அதை ஓட்டோடு மடியில் கட்டிக்கொண்டு திரிவாள்.

“பையில இன்னா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல” என்றார்.

நான் நம்பவில்லை.